ரஷீத் மெக்லூபி: உலகக் கிண்ணத்தைத் துறந்து விடுதலையைத் தேர்ந்த உதைபந்தாட்ட வீரன்

2024 ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 8 ஆம் திகதி துனிசியாவின் தலைநகர் துனிஸில் ரஷீத் மெக்லூபி காலமானார். அப்போது அவருக்கு வயது 88. பிரான்சின் தேசிய அணிக்காக ஆடியவர். பிரான்சிய இராணுவ அணிக்காகவும் ஆடியவர். பின்னர் பிரான்சுக்கு எதிராக விடுதலைப் போர் நடத்திக்கொண்டிருந்த மக்களின் அணிக்காகவும் ஆடியவர். அதன்பின்னர் மீண்டும் பிரான்சுக்கே வந்து, அங்குள்ள கழகமொன்றுக்கு மூன்று சம்பியன் பட்டங்களைப் பெற்றுக்கொடுத்தவர். அவர் மறைந்தபோது மத்தியதரைக் கடலின் இரு கரைகளிலும் அவருக்காகத் துக்கப்பட மனிதர்கள் இருந்தார்கள்.

பிரான்சின் முன்கள வீரர்கள் என்றால் எம்மவர்கள் உடனே சொல்லும் பெயர்கள் தியெரி ஹென்றி, கரீம் பென்சமா, கிலியான் எம்பாப்பே. புலம்பெயர்ந்து பரிஸில் பிறந்த எமது பிள்ளைகளின் அறைச் சுவர்களிலும் இவர்களின் படங்களே தொங்குகின்றன. மெக்லூபியின் பெயரை எம்மில் பலர் கேள்விப்பட்டிருக்க வாய்ப்பில்லை. போரைக் கண்ட மக்கள் அறிந்திருக்க வேண்டிய வாழ்க்கை அவருடையது என்று நான் நினைக்கிறேன். அதனாலேயே அதை முழுமையாக எழுத விரும்பினேன்.

செதீப்பின் பிள்ளை

மெக்லூபி 1936 ஆகஸ்ட் 12 ஆம் திகதி கிழக்கு அல்ஜீரியாவின் செதீப் நகரில் பிறந்தார். அன்றைய அல்ஜீரியாவைப் பிரான்ஸ் தனது குடியேற்ற நாடு என்று சொல்வதில்லை. 1848 இலிருந்து அது பிரான்சின் ஒரு பகுதி, பிரான்சின் மாகாணங்கள் என்றே சட்டம் சொன்னது. ஆனால் அந்த மண்ணின் மக்கள் சமமான குடிமக்களாக நடத்தப்படவில்லை. ஐரோப்பியக் குடியேறிகளுக்கு ஒரு வாக்காளர் பட்டியல், முஸ்லிம்களுக்கு இன்னொன்று. பல மடங்கு பெரும்பான்மையாக இருந்தவர்களின் வாக்குக்குச் சிறுபான்மையினரின் வாக்குக்கு இருந்த பெறுமதி இல்லை. ஒரே நாடு என்று சொல்லிக்கொண்டே இரண்டு வகைக் குடிமக்களை வைத்திருப்பது எப்படி என்பதை எங்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

1945 மே 8 ஆம் திகதி நாசி ஜேர்மனி சரணடைந்த செய்தியை ஐரோப்பா முழுவதும் கொண்டாடியது. செதீப்பிலும் ஊர்வலம் நடந்தது. பிரான்சுக்காக அந்தப் போரில் அல்ஜீரியர்களும் ஆயிரக்கணக்கில் உயிர் கொடுத்திருந்தார்கள். ஊர்வலத்தில் அல்ஜீரியக் கொடியும் உயர்த்தப்பட்டது. கொடியை இறக்கச் சொன்ன பொலிஸார் துப்பாக்கிப் பிரயோகம் செய்தனர். தொடர்ந்து ஐரோப்பியக் குடியேறிகள் தாக்கப்பட்டு சுமார் 100 பேர் கொல்லப்பட்டனர். அதற்குப் பழிவாங்கப் பிரான்சிய இராணுவமும் ஆயுதம் ஏந்திய குடியேறிகளும் செதீப், குல்மா, கெராத்தா பகுதிகளில் வாரக்கணக்கில் மக்களைக் கொன்றார்கள். விமானங்களிலிருந்து குண்டு வீசப்பட்டது. கடலிலிருந்து போர்க்கப்பல்கள் சுட்டன. கொல்லப்பட்டோர் ஆயிரம் பேரளவில் என்றது அன்றைய பிரான்சிய நிர்வாகம். 45 ஆயிரம் என்கிறது அல்ஜீரியா. வரலாற்றாசிரியர்களின் கணக்குகள் இந்த இரண்டுக்கும் இடையே நிற்கின்றன.

இறந்தவர்களை எண்ணுவதே ஒரு போராட்டமாகிவிடும் என்பது முள்ளிவாய்க்காலுக்குப் பிறகு எமக்கும் தெரியும்.

அந்த மே மாதத்தில் மெக்லூபிக்கு இன்னும் ஒன்பது வயது நிறையவில்லை. அந்த நகரத்தில்தான் அவர் பந்து உதைக்கக் கற்றுக்கொண்டார். உள்ளூர்க் கழகத்தில் ஆடினார். பின்னாளில் அவர் எடுத்த முடிவைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் இந்த நகரத்தை மறந்துவிடக்கூடாது.

பச்சைச் சட்டை

1954 இல், 18 வயதில், அவர் சென் எத்தியன் கழகத்துக்கு வந்து சேர்ந்தார். மத்திய பிரான்சிலுள்ள அந்த நகரம் நிலக்கரிச் சுரங்கங்களுக்கும் ஆயுதத் தொழிற்சாலைக்கும் பேர்போனது. சுரங்கங்களில் வேலை செய்தவர்களில் போலந்துக்காரர்கள், இத்தாலியர்கள், அல்ஜீரியர்கள் எனப் பல நாட்டவர் இருந்தனர். கழகத்தின் பயிற்றுவிப்பாளர் ஜோன் ஸ்னெல்லாவும் போலந்து வழிவந்தவரே. அந்த மனிதர் மெக்லூபியின் வாழ்வில் திரும்பத் திரும்ப வருவார்.

மெக்லூபி உயரமான வீரர் அல்லர். உடல் பலத்தால் எதிரணியைத் தள்ளிக்கொண்டு போகிறவரும் அல்லர். பந்து அவரது காலுக்கு வந்தால் ஆட்டத்தின் வேகமே மாறும் என்பார்கள். கோலும் அடிப்பார், மற்றவர்களுக்குக் கோலடிக்க வழியும் திறப்பார். முன்கள வீரருக்கும் மத்திய கள வீரருக்கும் இடைப்பட்ட இடம் அவருடையது. கமரூனைச் சேர்ந்த இயூஜீன் எஞ்சோ லெயாவும் அவரும் சேர்ந்து 1956-57 பருவத்தில் எதிரணிகளைத் திணறடித்தார்கள். அந்தப் பருவத்தில் மெக்லூபி மட்டும் 25 கோல்கள் அடித்தார். சென் எத்தியன் தனது வரலாற்றில் முதற்தடவையாகப் பிரான்சின் சம்பியன் ஆனது. ஆபிரிக்காவிலிருந்து வந்த இரண்டு இளைஞர்களின் தோள்களில் ஏறித்தான் அந்தச் சுரங்க நகரம் முதல் பட்டத்தைத் தொட்டது.

தேசிய அணியும் அவரை அழைத்தது. 1956 ஒக்டோபரில் சோவியத் ஒன்றியத்துக்கு எதிரான ஆட்டத்தில் முதன்முதலாக நீலச் சட்டை அணிந்தார். 1957 வரை நான்கு தடவைகள் பிரான்சுக்காக ஆடினார். கட்டாய இராணுவ சேவைக்காலம் வந்ததும் பிரான்சிய இராணுவ அணியில் இடம்பெற்று 1957 இல் உலக இராணுவ சம்பியன் பட்டத்தையும் வென்றார்.

1958 ஜூனில் சுவீடனில் உலகக் கிண்ணம். பிரான்சுக்கு ரேமண்ட் கோப்பா இருந்தார், ஜஸ்ட் பொன்டைன் இருந்தார். 21 வயது மெக்லூபிக்கும் அங்கே இடம் கிடைக்கும் என்றே பலரும் எதிர்பார்த்தனர்.

1958 ஏப்ரல்

அவர் பச்சைச் சட்டையுடன் கோல்கள் அடித்துக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் அல்ஜீரியா எரிந்துகொண்டிருந்தது. 1954 நவம்பர் 1 ஆம் திகதி அல்ஜீரிய தேசிய விடுதலை முன்னணி ஆயுதப் போராட்டத்தை ஆரம்பித்தது. 1957 இல் தலைநகர் அல்ஜியர்ஸில் பிரான்சியப் பராசூட் படையினர் வீடு வீடாகத் தேடுதல் நடத்தினர். பிடித்துச் செல்லப்பட்டவர்களில் பலர் சித்திரவதைக்கு ஆளாகினர், பலர் காணாமல் ஆக்கப்பட்டனர். 1958 பெப்ரவரி 8 ஆம் திகதி எல்லைக்கு அப்பால் துனிசியாவின் சாக்கியத் சிடி யூசெப் கிராமத்தின்மீது பிரான்சிய விமானங்கள் குண்டு வீசின. சந்தை நாளில் விழுந்த அந்தக் குண்டுகளால் சிறுவர்கள் உட்பட சுமார் 70 பேர் இறந்தனர்.

பிரான்சில் உழைத்த அல்ஜீரியர்கள் தமது வருமானத்தில் ஒரு பகுதியை முன்னணிக்குக் கொடுத்துவந்தார்கள். ஆனால் உதைபந்தாட்ட வீரர்களிடம் இன்னொன்றும் இருந்தது. அது பெயர். பிரான்சின் எந்த மூலையிலும் உணவகத்தில் அமர்ந்திருக்கும் சாதாரண மனிதனுக்கும் அவர்களைத் தெரியும். அந்தப் பெயர்களை ஒரே நாளில் பிரான்சிடமிருந்து எடுத்துக்கொண்டால், அல்ஜீரியாவில் நடப்பது சில கலகக்காரர்களின் வேலை என்ற அரசின் கதை உடையும். இந்த எண்ணத்தைச் செயலாக்கியவர் முன்னாள் வீரரும் முன்னணியின் செயற்பாட்டாளருமான முகமட் பூமெஸ்ராக். மாதக்கணக்கில் இரகசியமாக வீரர்களைச் சந்தித்தார். உலகக் கிண்ணத்துக்கு இரண்டு மாதம் இருக்கையில் நாள் குறிக்கப்பட்டது.

மெக்லூபிக்குச் செய்தி வந்தது கடைசி நேரத்தில்தான். கொண்டுவந்தவர்கள் இருவரும் செதீப் நகரத்தார். ஒருவர் மொக்தார் அரிபி, மற்றவர் லியோன் கழகத்தில் ஆடிய அப்துல் ஹமீட் கெர்மலி. ஊரவர்கள் வந்து கேட்டார்கள், அவர் தயங்கவில்லை.

ஏப்ரல் 13 ஆம் திகதி பெசியே அணிக்கு எதிரான ஆட்டத்தில் அவருக்குத் தலையில் அடிபட்டது. வைத்தியசாலையில் சேர்த்தார்கள். அரிபியும் கெர்மலியும் மறுநாள் வைத்தியசாலைக்கே போய் அவரை அழைத்துக்கொண்டு காரில் சுவிற்சர்லாந்து எல்லையை நோக்கி ஓடினார்கள். அவர் அப்போதும் இரவு உடையிலேயே இருந்தார் என்பார்கள். மற்றவர்களுக்கு இல்லாத ஆபத்து ஒன்றும் மெக்லூபிக்கு இருந்தது. அவர் அந்நேரம் இராணுவ சேவையில் இருந்த சிப்பாய். பிடிபட்டால் அது போர்க்காலத்தில் படையை விட்டு ஓடிய குற்றம்.

செய்தி வெளியே பரவுவதற்குள் அவர்கள் எல்லையைக் கடந்துவிட்டார்கள். சுவிற்சர்லாந்து, இத்தாலி, அங்கிருந்து துனிஸ். மொனாக்கோவிலிருந்து முஸ்தபா ஸிதூனி, அப்துல் அசீஸ் பென் தீபூர், கடூர் பெக்லூபி, கோல் காப்பாளர் பூபக்கர் ஆகியோர் வந்தனர். துலூஸிலிருந்து பிராஹிமியும் பூஷூக்கும், ஆஞ்செயிலிருந்து ரூவாயும் வந்தார்கள். ஹசன் ஷாப்ரி எல்லையில் பிடிபட்டுச் சிறை சென்றார். மெக்லூபியைப்போலவே இராணுவ சேவையில் இருந்த முகமட் மவுஷும் அகப்பட்டார். அவர் பின்னர் அணியில் வந்து சேர்ந்தார்.

இவர்கள் விட்டுவந்தவற்றை எண்ணிப் பாருங்கள். பென் தீபூர் 1954 உலகக் கிண்ணத்தில் பிரான்சுக்காக ஆடியவர். ஸிதூனி 1958 உலகக் கிண்ணத்தில் பிரான்சின் தற்காப்பு அரணாக இருக்கவேண்டியவர். நல்ல சம்பளம், வீடு, புகழ் எல்லாம் இருந்தன. வறுமையோ வேலையின்மையோ அவர்களைத் துரத்தவில்லை. போகாமல் இருந்திருந்தால் எவரும் அவர்களைக் குறை சொல்லியிருக்கவும் முடியாது. இந்தக் கதையில் என்னை அதிகம் யோசிக்க வைப்பது இதுதான்.

ஜூன் மாதம் சுவீடனில் பிரான்ஸ் மூன்றாம் இடம் பெற்றது. பொன்டைன் 13 கோல்கள் அடித்தார். ஒரே உலகக் கிண்ணத்தில் அத்தனை கோல்களை இன்றுவரை வேறெவரும் அடிக்கவில்லை. அந்த அணியில் மெக்லூபியும் ஸிதூனியும் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று பிரான்சில் இன்றும் பேசுவார்கள்.

நாடு பிறக்கும் முன் பிறந்த அணி

துனிஸில் உருவான அணிக்கு நாடு இல்லை, சொந்த மைதானம் இல்லை. பிரான்சின் முறைப்பாட்டின்பேரில் சர்வதேச உதைபந்தாட்டச் சம்மேளனமான ஃபீஃபா அந்த அணியை ஏற்க மறுத்தது. அதனுடன் ஆடும் நாடுகளுக்குத் தண்டனை என்றும் எச்சரித்தது. ஆனாலும் ஆட்டங்கள் நடந்தன. துனிசியா, மொரோக்கோ, லிபியா, ஈராக் ஆகிய அரபு நாடுகள் வரவேற்றன. கிழக்கு ஐரோப்பிய நாடுகள் ஒரு வழி கண்டுபிடித்தன. தேசிய அணி என்ற பெயரை வைக்காமல், நகர அணி, தொழிற்சங்க அணி என்று பெயரிட்டுத் தமது வீரர்களைக் களமிறக்கின. சீனாவுக்கும் வட வியட்நாமுக்கும் போனார்கள். வியட்நாமில் ஹோ சி மின்னையும், தியென் பியென் பூவில் பிரான்சைத் தோற்கடித்த ஜெனரல் ஜியாப்பையும் சந்தித்தார்கள்.

1962 வரையிலான நான்கு ஆண்டுகளில் 80 க்கும் மேற்பட்ட ஆட்டங்களில் அந்த அணி ஆடியது. பெரும்பாலானவற்றில் வென்றது. 1961 இல் பெல்கிரேட்டில் யூகோஸ்லாவியாவை 6-1 என்று வென்றார்கள். சுற்றிலும் அரசியல் இருந்தாலும் அவர்கள் ஆடியது கண்காட்சி ஆட்டமல்ல, முதல்தர உதைபந்தாட்டம்.

ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னர் அல்ஜீரியக் கொடி ஏற்றப்படவேண்டும், 'கஸ்ஸமன்' என்ற அல்ஜீரிய கீதம் இசைக்கப்படவேண்டும் என்பதில் அணி உறுதியாக இருந்தது. பிரான்சைப் பகைக்க விரும்பாத அரசுகளுக்கு இது சங்கடம். வீரர்களுக்கோ இதுவே வந்த நோக்கம். செதீப்பில் உயர்த்தியதற்காகச் சுட்டுக்கொன்ற கொடி, பல்லாயிரம் பேர் எழுந்து நிற்கும் மைதானங்களில் ஏறியது. ஐக்கிய நாடுகள் சபையில் அல்ஜீரியாவுக்கு ஆசனம் கிடைப்பதற்கு நான்கு ஆண்டுகள் முன்னரே, பந்தாட்டக் களத்தில் அதற்கு ஓர் இடம் கிடைத்துவிட்டது.

ஃபீஃபாவில் இடமில்லாத மக்களின் அணிகள் இன்றும் இருக்கின்றன. அப்படியான அணிகளுக்காகக் கொனிபா அமைப்பு 2014 இல் சுவீடனில் நடத்திய சுற்றுப்போட்டியில், புலம்பெயர்ந்த எமது இளைஞர்கள் தமிழீழம் என்ற பெயரில் ஓர் அணியாக ஆடினார்கள். அந்த அணியையும் மெக்லூபியின் அணியையும் ஒப்பிடுவது சரியல்ல. காலம் வேறு, நிலைமை வேறு. ஆனால் கொடி ஏறும்போது மைதான ஓரத்தில் நிற்கும் தாய்மாரின் கண்கள் ஏன் கலங்குகின்றன என்பதைப் புரிந்துகொள்ள 1958 இன் கதை உதவும்.

நான்கு ஆண்டுகள் என்பது ஒரு வீரனின் வாழ்வில் சிறிய காலமல்ல. 21 இலிருந்து 25 வரை. ஒருவன் உச்சத்தை நோக்கி ஏறும் வயது. அந்த ஆண்டுகளில் அவர் அடித்த கோல்கள் எந்த உத்தியோகபூர்வப் பதிவேட்டிலும் சேர்க்கப்படவில்லை. எங்கள் ஊர்களிலும் இப்படிப் பதிவாகாமல் போன ஆண்டுகள் உண்டு. குருநகரிலும் நாவாந்துறையிலும் இளவாலையிலும் மன்னாரிலும் எத்தனை நல்ல பந்து வீரர்கள் 18 வயதில் இருந்தார்கள், 25 வயதில் அவர்கள் எங்கே போனார்கள் என்று என் தலைமுறையினர் விரல்விட்டு எண்ணிச் சொல்வார்கள். நாங்கள் பந்தடித்த மைதானத்தை மண் அணையும் முள்ளுக்கம்பியும் மூடிய பிறகு, ஊர்க் கழகத்தின் பெயர் மட்டும் அகதி முகாம்களுக்கு எங்களுடன் வந்தது.

மீண்டும் அதே மைதானத்தில்

1962 மார்ச் 18 ஆம் திகதி எவியன் உடன்படிக்கை கையெழுத்தானது. மறுநாள் போர்நிறுத்தம். ஜூலை 1 ஆம் திகதி மக்கள் வாக்களித்தார்கள். ஜூலை 5 சுதந்திர நாளானது. அணியின் வேலை முடிந்தது. பல வீரர்கள் மீண்டும் தொழில்முறை ஆட்டத்துக்குத் திரும்பினார்கள்.

மெக்லூபி முதலில் பிரான்சுக்குப் போகவில்லை. சுவிற்சர்லாந்தின் ஜெனீவாவிலுள்ள செர்வெட் கழகத்தில் சிறிது காலம் ஆடினார். அங்கே பயிற்றுவிப்பாளராக இருந்தவர் அதே ஜோன் ஸ்னெல்லா. 1962 இன் இறுதியில் சென் எத்தியன் அவரைத் திரும்ப அழைத்தது. கழகம் அப்போது இரண்டாம் பிரிவுக்கு இறங்கியிருந்தது.

அழைப்பது எளிது, போவது எளிதல்ல. அந்த நகரத்தின் பிள்ளைகளும் அல்ஜீரியாவுக்குப் படையில் அனுப்பப்பட்டிருந்தார்கள், சிலர் பெட்டியில் திரும்பிவந்தார்கள். அரங்கின் படிக்கட்டுகளில் அவர்களின் தந்தையரும் சகோதரர்களும் இருப்பார்கள். அவர்களைப் பொறுத்தவரை மெக்லூபி எதிரியின் பக்கம் ஓடிப்போன சிப்பாய்.

ஜொப்ருவா கிஷார் அரங்கில் அவர் மீண்டும் கால்வைத்த நாளைப் பற்றிப் பின்னாளில் அவரே பல தடவை சொல்லியிருக்கிறார். அரங்கு அமைதியாக இருந்தது. கைதட்டலும் இல்லை, கூச்சலும் இல்லை. பிறகு பந்து அவரிடம் வந்தது. அவர் அதை எடுத்துக்கொண்டு ஒருவரைத் தாண்டினார். அப்போது அரங்கு கைதட்டத் தொடங்கியது.

இந்தக் காட்சியை அழகான சமாதானக் கதையாக மட்டும் சொல்லிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. விளையாட்டு எல்லாக் காயங்களையும் ஆற்றும் என்று மேடைகளில் பேசுவதற்கு இது வசதியானது. நான் அப்படி வாசிக்கவில்லை. அந்தக் கைதட்டலுக்கு முன்னர் நடந்தவற்றையும் பார்க்கவேண்டும். போர் நின்றிருந்தது. அல்ஜீரியர்களின் கேள்விக்கு வாக்கெடுப்பின் மூலம் விடை கிடைத்திருந்தது. பொதுமன்னிப்பு வந்திருந்தது. மெக்லூபி மன்னிப்புக் கேட்டுக்கொண்டு திரும்பி வரவில்லை, செய்ததை மறுத்துக்கொண்டும் வரவில்லை. சுதந்திர நாடொன்றின் குடிமகனாக, தலை நிமிர்ந்து வந்தார். அந்த அடிப்படை இருந்ததால்தான் ஒரு நகரம் தன் துக்கத்தை வைத்துக்கொண்டே அவரை ஏற்க முடிந்தது. விடை கொடுக்காமல் கைகுலுக்கச் சொல்வது வேறு, விடை கிடைத்தபின் கைகுலுக்குவது வேறு.

ஜனாதிபதியின் முன்னால்

1963 இல் சென் எத்தியன் இரண்டாம் பிரிவை வென்று மேலேறியது. மறு ஆண்டே பிரான்சின் சம்பியன் ஆனது. பின்னர் 1967 இலும் 1968 இலும் சம்பியன். இந்தக் காலத்தில் மெக்லூபி கோலடிப்பவர் என்பதைவிட ஆட்டத்தை நடத்துபவராக மாறியிருந்தார். அவருடன் ஆடியவர்களில் ஒருவர் ஏமே ஜாக்கே. அதே ஜாக்கேதான் 1998 இல் பிரான்சின் பயிற்றுவிப்பாளராக உலகக் கிண்ணத்தை வென்றார். அந்த இறுதிப்போட்டியில் தலையால் முட்டி இரண்டு கோல்கள் போட்ட சினடின் சிடான், அல்ஜீரியாவிலிருந்து வேலை தேடி வந்த ஒரு தந்தையின் மகன்.

1968 மே 12 ஆம் திகதி, பரிஸுக்கு அருகே கொலோம்ப் அரங்கில் பிரான்சியக் கிண்ண இறுதிப்போட்டி. நாடு அப்போது கொந்தளித்துக்கொண்டிருந்தது. இரண்டு நாட்களுக்கு முன்னர்தான் பரிஸ் வீதிகளில் மாணவர்கள் தடையரண்கள் அமைத்துப் பொலிஸாருடன் மோதியிருந்தார்கள். மறுநாள் பொது வேலைநிறுத்தம். போர்தோ அணியை சென் எத்தியன் 2-1 என்று வென்றது. இரண்டு கோல்களையும் அடித்தவர் மெக்லூபி. அந்தக் கழகத்துக்காக அது அவரது விடைபெறும் பருவம்.

கிண்ணத்தை வழங்கியவர் ஜனாதிபதி சார்ள்ஸ் டி கோல். 1958 ஏப்ரலில் மெக்லூபி ஓடிப்போன மறுமாதம் அல்ஜியர்ஸில் வெடித்த நெருக்கடியே அவரை ஆட்சிக்குக் கொண்டுவந்தது. அல்ஜீரியப் போரை நான்கு ஆண்டுகள் நடத்தியவரும் அவரே, இறுதியில் சுயநிர்ணய உரிமையை ஏற்று அதை முடித்தவரும் அவரே. அந்த மனிதர், படையை விட்டு ஓடிய முன்னாள் சிப்பாயின் கையில் பிரான்சின் கிண்ணத்தைக் கொடுத்தார். பிரான்ஸ் என்பது நீங்கள்தான் என்ற பொருளில் டி கோல் தன்னிடம் சொன்னதாக மெக்லூபி பின்னர் நினைவுகூர்ந்தார்.

இதைச் சொல்லும்போது 1961 ஒக்டோபர் 17 ஐயும் சொல்லவேண்டும். அன்று பரிஸில் அமைதியாக ஊர்வலம் போன அல்ஜீரியர்களைப் பொலிஸார் கொன்று சிலரின் உடல்களைச் சென் நதியில் எறிந்தார்கள். அப்போதும் ஜனாதிபதி டி கோல்தான். பிரான்சிய அரசு அந்த இரவைப் பற்றி வாய் திறக்கப் பல பத்தாண்டுகள் எடுத்தன. ஒரு வீரனுக்குக் கிடைத்த மரியாதை எல்லோருக்கும் கிடைத்த நீதியாகிவிடாது.

பயிற்றுவிப்பாளர் மெக்லூபி

சென் எத்தியனுக்காக அவர் அடித்த கோல்கள் சுமார் 150. அதன்பின் கோர்சிக்காத் தீவின் பாஸ்தியா கழகத்தில் 1970 வரை ஆடியும் பயிற்றுவித்தும் வந்தார். சுதந்திர அல்ஜீரியாவின் தேசிய அணிக்காகவும் 1960 களில் ஆடினார். பிறகு அந்த அணியின் பயிற்றுவிப்பாளரானார்.

1975 இல் அல்ஜியர்ஸில் மத்தியதரைக் கடல் விளையாட்டுப் போட்டிகள் நடந்தன. உதைபந்தாட்ட இறுதியில் எதிரணி பிரான்ஸ். ஆட்டம் முடியும் தறுவாயில் அல்ஜீரியா 1-2 என்று பின்தங்கியிருந்தது. கடைசி நேரத்தில் சமன்செய்து, மேலதிக நேரத்தில் 3-2 என்று வென்றது. பிரான்ஸ் அனுப்பியது தனது முதல் அணியை அல்ல. ஆனாலும் சுதந்திரம் பெற்று 13 ஆண்டுகளே ஆன அந்த நாட்டில் அன்றிரவு மக்கள் வீதிகளில் இறங்கிக் கொண்டாடினார்கள். 1978 இல் ஆபிரிக்க விளையாட்டுப் போட்டிகளின் தங்கப் பதக்கமும் அவரது பயிற்சியிலேயே வந்தது.

1982 இல் ஸ்பெயினில் நடந்த உலகக் கிண்ணத்துக்கு அல்ஜீரியா முதற்தடவையாகத் தகுதிபெற்றது. மஹியித்தீன் காலெப்புடன் மெக்லூபியும் அணியின் பயிற்றுவிப்புப் பொறுப்பில் இருந்தார். 24 வருடங்களுக்கு முன்னர் வீரனாக விட்டுக்கொடுத்த உலகக் கிண்ணத்துக்கு, தன் நாட்டின் கொடியோடு அவர் போய்ச்சேர்ந்தார். ஜூன் 16 ஆம் திகதி கிகோன் நகரில் அல்ஜீரியா மேற்கு ஜேர்மனியை 2-1 என்று வென்றது. மஜரும் பெல்லூமியும் கோல்கள் அடித்தார்கள். உலகக் கிண்ணத்தில் ஐரோப்பிய அணியொன்றை ஆபிரிக்க அணியொன்று வென்றது அதுவே முதற்தடவை.

பின்னர் நடந்தது உதைபந்தாட்ட வரலாற்றின் வெட்கக்கேடு. அல்ஜீரியா தனது கடைசி ஆட்டத்தை முடித்துவிட்டிருந்தது. மறுநாள் மேற்கு ஜேர்மனியும் ஒஸ்ரியாவும் மோதின. ஜேர்மனி ஒரு கோல் அல்லது இரண்டு கோல் வித்தியாசத்தில் வென்றால் இரு அணிகளும் அடுத்த சுற்றுக்குப் போகலாம், அல்ஜீரியா வெளியேறும் என்ற நிலை. பத்தாவது நிமிடத்தில் ஜேர்மனி ஒரு கோல் அடித்தது. அதன்பின் இரு அணிகளும் பந்தை அங்குமிங்கும் தட்டிக்கொண்டு நேரத்தைக் கடத்தின. அல்ஜீரியா முறையிட்டது, முடிவு மாறவில்லை. ஆனால் அதன் பின்னர் ஒரு குழுவின் கடைசி இரண்டு ஆட்டங்களும் ஒரே நேரத்தில் நடக்கவேண்டும் என்று ஃபீஃபா விதியை மாற்றியது. இன்றும் நாம் உலகக் கிண்ணம் பார்க்கும்போது இரண்டு ஆட்டங்கள் ஒன்றாக நடப்பதற்குக் காரணம் அன்று அல்ஜீரியாவுக்கு இழைக்கப்பட்ட அநீதிதான்.

பிற்காலத்தில் அல்ஜீரிய உதைபந்தாட்டச் சம்மேளனத்தின் தலைவராகவும் சிறிது காலம் இருந்தார். கடைசி ஆண்டுகளைத் துனிசியாவில் கழித்தார். 2012 இல் எரிக் கன்ரோனா தொகுத்து வழங்கிய 'உதைபந்தாட்டக் கிளர்ச்சியாளர்கள்' என்ற ஆவணத்தொடரில் சோக்கிரட்டீஸ், திதியே துரொக்பா போன்றோருடன் மெக்லூபியின் கதையும் சொல்லப்பட்டது. அவரது அணியைப் பற்றிப் பிரான்சில் 2016 இல் ஒரு சித்திரக்கதை நூலும் வெளிவந்தது.

எஞ்சியிருப்பது

மெக்லூபி துப்பாக்கி ஏந்தவில்லை. யாரையும் கொல்லவில்லை. தான் மிகவும் நன்றாகச் செய்யக்கூடிய ஒன்றை, அதிக பலன் தரக்கூடிய வேளையில், தன் மக்களுக்காகக் கொடுத்தார். 1962 க்குப் பின்னர் அதே திறமையை, ஒருகாலத்தில் தன்னை வளர்த்த நகரத்துக்கும் கொடுத்தார். ஒன்றைக் கொடுத்ததற்காக மற்றொன்றிடம் அவர் வெட்கப்படவில்லை.

பரிஸிலும் லண்டனிலும் ரொறன்ரோவிலும் வளரும் எமது பிள்ளைகளிடம் நீ எந்த நாட்டுக்காரன் என்ற கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. பெற்றோரும் அதையே வேறு விதமாகக் கேட்கிறோம். பிரான்ஸ் அணியின் சட்டையை அணிந்திருக்கும் பிள்ளை எம்மை மறந்துவிட்டான் என்று கவலைப்படுகிறோம். மெக்லூபி அந்த நீலச் சட்டையை நான்கு தடவை அணிந்தவர். அழைப்பு வந்த இரவில் அவருக்குத் தான் யாரென்று தெரிந்திருந்தது. காரணம், செதீப்பில் என்ன நடந்தது என்பது அவருக்குத் தெரியும். என்ன சட்டை போட்டிருக்கிறான் என்பதைவிட, என்ன நடந்தது என்பது அவனுக்குச் சொல்லப்பட்டிருக்கிறதா என்பதே எமது வீடுகளில் கேட்கவேண்டிய கேள்வி.